அப்பா பார்த்தார், மகன் புரிந்துகொண்டார்: ராபர்ட் ஹார்டிக்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். மழைக்காலத்துல எங்கேயாவது விழுந்து கிடக்கிற பழைய மரக்கட்டையைப் பார்த்திருப்பீங்க. மேலே காளான் முளைச்சிருக்கும். கட்டையைக் கையால அழுத்தினா பஞ்சு மாதிரி உள்ளே போகும். இப்போ சொல்லுங்க, மரம் மக்கினதால காளான் வந்ததா, காளான் வந்ததால மரம் மக்கினதா?

காளான்தான் மக்க வைக்குதுன்னு நீங்க உடனே சொல்லிடுவீங்க. பள்ளிக்கூடப் பாடத்திலேயே அது இருக்கு. ஆனால் சுமார் 150 வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவின் பெரிய பெரிய காட்டியல் அறிஞர்கள் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் முக்கியமான ஒருவர் தியோடர் ஹார்டிக். அது தப்பு என்று காட்டியவர் ராபர்ட் ஹார்டிக். ராபர்ட், தியோடரின் சொந்த மகன்.

பாஸ்டர், கோக் இரண்டு பேரையும் நமக்குத் தெரியும். அதே காலத்தில், அதே மாதிரியான வேலையை மனித உடம்பில் செய்யாமல் மரத்தில் செய்தவர் ராபர்ட் ஹார்டிக். காட்டு மர நோயியலின் தந்தை என்று புத்தகங்கள் இவரைத்தான் சொல்கின்றன. பயோடெக் படிக்கிறவங்களுக்கு லிக்னின், லாக்கேஸ், பெராக்சிடேஸ் என்ற பெயர்கள் பழக்கமானவை. மற்ற டிபார்ட்மென்ட் ஆட்களும் பயப்பட வேண்டாம், போகப் போக எல்லாத்தையும் சொல்லிடறேன்.

மூன்று தலைமுறை, ஒரே காடு

ராபர்ட் ஹார்டிக் 1839-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்தார். அவர் பிறந்த வீட்டில் காடுதான் குலத்தொழில். தாத்தா கேயார்க் லுட்விக் ஹார்டிக், பிரஷ்யா நாட்டின் காட்டு இலாகாவுக்கே தலைவராக இருந்தவர். காட்டை வெட்டுவதற்கும் ஒரு கணக்கு வேண்டும், வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்பதை முறையாகப் பாடமாக்கியவர்களில் ஒருவர். இன்றைக்கு நாம் சஸ்டெய்னபிலிட்டி என்று பிரசன்டேஷனில் போடுகிற விஷயத்தை அவர் அப்போதே மரக்கணக்கில் எழுதி வைத்தார். பேரன் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1837-இல் அவர் இறந்தார்.

அப்பா தியோடர் ஹார்டிக்கும் சாதாரண ஆள் இல்லை. செடிக்குள் சர்க்கரையைக் கொண்டு போகிற சல்லடைக் குழாய்களை 1837-இல் முதலில் கண்டு சொன்னவர் அவர்தான். பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் ஃபுளோயம் படித்திருந்தால், அப்பா ஹார்டிக் வேலையை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். கையில் மைக்ரோஸ்கோப், கண்ணில் கூர்மை, வரைகிற திறமை, மூன்றும் அவரிடம் இருந்தன.

அந்த வீட்டில் வளர்ந்த ராபர்ட் காட்டுப் பயிற்சியும் பல்கலைக்கழகப் படிப்பும் முடித்து, 1866-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதன் பிறகு பெர்லினுக்கு வடகிழக்கே இருக்கும் எபெர்ஸ்வால்டே காட்டியல் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அவருடைய பெரிய வேலைகள் ஆரம்பித்தது அங்கேதான்.

அப்பா கண்ட இழைகள்

கொஞ்சம் பின்னாடி போகணும். 1833, ராபர்ட் பிறக்கவே ஆறு வருஷம் இருக்கு. தியோடர் மக்கிய மரத்தை மெல்லிய சீவலாக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மரச் செல்களுக்குள் மெல்லிய இழைகள் ஓடுவதைக் கண்டார். இன்றைக்கு ஒரு முதலாம் ஆண்டு மாணவரே அதைப் பூஞ்சை இழை என்று சொல்லிவிடுவார். தியோடரும் அது பூஞ்சை என்றுதான் எழுதினார். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல். மரத்தின் செல்களே சாகும்போது உருமாறிப் பூஞ்சையாக ஆகின்றன என்று அவர் முடிவு செய்தார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறதுக்கு முன்னாடி அவர் இடத்தில் நின்று பாருங்க. நூறு வயசு மரம் ஒன்றை வெட்டுகிறீர்கள். வெளியே பட்டை நல்லா இருக்கு. அதற்குள் இருக்கிற மரமும் உறுதியா இருக்கு. நட்ட நடுவில் மட்டும் மக்கிப்போய், அங்கே பூஞ்சை இழைகள் நிறைந்திருக்கின்றன. சுற்றிலும் கெட்டியான சுவர், வழி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போ வெளியிலிருந்து எப்படி உள்ளே வந்திருக்கும்? உயிரற்றதிலிருந்து உயிர் தானாகத் தோன்றும் என்ற கருத்தைப் பாஸ்டர் உடைத்ததே 1860-களில்தான். 1833-இல் ஒரு மனிதர் தன் கண் பார்த்ததை வைத்து எடுத்த முடிவு, அந்தக் காலத்துக்கு நியாயமான முடிவுதான்.

தியோடருக்கு இன்னொரு தடவையும் இதே மாதிரி ஆச்சு. 1840 வாக்கில் பைன் மரங்களின் வேர் நுனியில் செல்களுக்கு இடையே வலை மாதிரி ஒரு அமைப்பைப் பார்த்து அழகாக வரைந்து வைத்தார். அதுவும் பூஞ்சைதான். ஆனால் இந்தத் தடவை அது பூஞ்சை என்றே அவருக்குத் தெரியவில்லை. மரமும் பூஞ்சையும் ஒருவருக்கொருவர் உணவு கொடுத்து வாழும் மைக்கோரைசா உறவின் பகுதி அது. இன்றும் அதற்குப் பெயர் ஹார்டிக் வலை. அது மகன் பெயரில் வந்தது என்று நினைக்க வேண்டாம், அப்பாவின் பெயர்தான்.

வழி எங்கே?

எபெர்ஸ்வால்டேயில் ராபர்ட் எடுத்துக்கொண்டது அந்த விடை தெரியாத இடத்தைத்தான். பூஞ்சை வெளியிலிருந்து வருகிறது என்றால் வழியைக் காட்ட வேண்டும். வாதம் பண்ணினால் போதாது.

அவர் மைக்ரோஸ்கோப்போடு நிற்கவில்லை. காட்டுக்குள் போய் மரத்தை நீளவாக்கில் பிளந்து பார்த்தார். நடுவில் இருந்த மக்கலைப் பின்தொடர்ந்து போனால், அது ஏதோ ஓர் இடத்தில் வெளியே வந்து முடிந்தது. காற்றில் ஒடிந்த கிளையின் அடிக்கட்டை, பட்டை உரிந்த காயம், அல்லது மண்ணுக்குள் ஒரு வேர். ஒரு குறுக்கு வெட்டு மட்டும் பார்த்தால் இந்த வழி தெரியாது. அந்த வெட்டில் நடு மட்டும்தான் மக்கியிருக்கும். முழு மரத்தையும் பார்த்தால்தான் கதவு எங்கே இருந்தது என்று புரியும்.

1874-இல் காட்டு மரங்களின் முக்கியமான நோய்கள் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் நிற்கின்றன.

முதலாவது, ஊசியிலைக் காடுகளில் வரும் வேர் அழுகல். ஒரு மரம் செத்தால், அதைச் சுற்றி வட்டமாக அடுத்தடுத்த மரங்களும் சாகும். மண் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது ஒரு பூஞ்சையின் வேலை, நோயுள்ள மரத்தின் வேர் பக்கத்து மரத்தின் வேரைத் தொடும் இடத்தில் அது தாவுகிறது என்று ராபர்ட் காட்டினார். அப்படியென்றால் தீர்வும் எளிது. நோயுள்ள மரங்களைச் சுற்றி வேர்களை அறுத்துப் பள்ளம் தோண்டி, மற்றவற்றிலிருந்து பிரித்துவிடு என்றார். காரணம் மாறினால் வைத்தியமும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இரண்டாவது, கறுப்பு ஷூ லேஸ் மாதிரியான கயிறுகள். செத்த மரங்களின் பட்டைக்கு அடியிலும் மண்ணிலும் இவை படர்ந்து கிடக்கும். ரைசோமார்ஃபா என்று பெயர் கொடுத்து, இதைத் தனி ஒரு பூஞ்சை இனமாகவே அதுவரை வைத்திருந்தார்கள். மரத்தின் அடியில் கொத்துக் கொத்தாக முளைக்கும் தேன் நிறக் காளானும் இந்தக் கறுப்புக் கயிறும் ஒரே உயிர்தான் என்று ராபர்ட் நிரூபித்தார். இன்றைக்கு அதன் பெயர் ஆர்மில்லேரியா. காளான் அதன் பழம் மாதிரி, கயிறு அதன் நடமாடும் கால் மாதிரி.

ராபர்ட் கோக் ஆந்த்ராக்ஸ் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று காட்டியது 1876-இல். ஹார்டிக்கின் புத்தகம் அதற்கு இரண்டு வருஷம் முந்தியது. இந்தப் பாதையில் ஹார்டிக்தான் முதல் ஆள் என்றும் சொல்ல முடியாது. பயிர் நோய்களுக்குப் பூஞ்சை காரணம் என்று அவருக்கு முன்பே அன்டன் டி பாரி வலுவாகக் காட்டியிருந்தார். அதைப் பெரிய மரங்களுக்குள்ளே, மக்கலுக்குள்ளே கொண்டு போனவர் ஹார்டிக்.

வெள்ளை மக்கல், பழுப்பு மக்கல்

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றோம். 1878-இல் ராபர்ட் ஹார்டிக் ஊசியிலை மரங்களிலும் ஓக் மரத்திலும் மரம் எப்படிச் சிதைகிறது என்று ஒரு பெரிய நூல் வெளியிட்டார். படங்கள் எல்லாம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைந்தவை.

இதைப் புரிஞ்சுக்க மரம் எதனால் ஆனது என்று தெரியணும். கான்கிரீட்டை நினைச்சுக்கோங்க, சிவில் நண்பர்களுக்கு இது சுலபம். செல்லுலோஸ் இழைகள்தான் கம்பி. அவற்றைச் சுற்றிக் கெட்டியாகப் பிடித்திருக்கும் சிமென்ட்தான் லிக்னின். மரத்தின் எடையில் கிட்டத்தட்ட 20 முதல் 30 சதவீதம் வரை லிக்னின் இருக்கும். மரத்தைச் சில வேதிப்பொருள்களால் கழுவி, ஒட்டியிருக்கும் பொருளை நீக்கி, செல்லுலோஸைத் தனியே பிரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயன். அது நடந்தது 1838-இல்.

ஹார்டிக்கின் காலத்தில் எந்தச் சுவரில் லிக்னின் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சாயச் சோதனை இருந்தது. துத்தநாகக் குளோரைடும் அயோடினும் கலந்த கரைசலை ஊற்றினால், வெறும் செல்லுலோஸ் ஊதாவாக மாறும். லிக்னின் ஏறிய சுவர் மஞ்சளாகவே இருக்கும். மக்கிய மரத்தில் இந்தச் சோதனையைச் செய்தபோது, சில மாதிரிகளில் மஞ்சளாக இருக்க வேண்டிய சுவர்கள் ஊதாவாகின. அதாவது, பூஞ்சை லிக்னினை எடுத்துக்கொண்டு செல்லுலோஸை விட்டுவிட்டுப் போயிருந்தது. அப்படிப்பட்ட மரம் வெளுத்து நார் நாராக இருக்கும். ஓக் மரத்தில் ஒரு பூஞ்சை இப்படி வெள்ளைப் புள்ளி புள்ளியாக அரித்து வைக்கும். அது கவுதாரியின் இறகு மாதிரி இருப்பதால் ஜெர்மனியில் அந்த மரத்துக்கே கவுதாரியின் பெயரை வைத்திருந்தார்கள்.

வேறு சில பூஞ்சைகள் நேர் எதிர். செல்லுலோஸைத் தின்றுவிட்டு, லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். அந்த மரம் பழுப்பாகி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, விரலால் தேய்த்தால் பொடியாகும்.

இதில் பெரிய விஷயம் என்னன்னா, எந்தப் பூஞ்சை என்பதைப் பொறுத்து மக்கல் மாறுகிறது. ஒரே மரம்தான், ஆனால் பூஞ்சை மாறினால் மக்கலும் மாறும். மக்கலைப் பார்த்தே குற்றவாளி யார் என்று சொல்லிவிடலாம். அப்பாவின் கொள்கைக்கு இதில் பதில் கிடையாது. மரச் செல்களே உருமாறிப் பூஞ்சை ஆகிறது என்றால், ஒரே மரம் ஏன் இத்தனை விதமாக மக்க வேண்டும்?

இன்னொன்றையும் அவர் பார்த்தார். பூஞ்சை இழைகள் செல் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டு போகின்றன. இழையோ மிக மென்மையானது, சுவரோ மரம். இடித்துத் தள்ளிக்கொண்டு போக அதால் முடியாது. ஆகவே இழை ஏதோ ஒரு நொதிப்பொருளைச் சுரந்து சுவரைக் கரைக்கிறது என்று ஹார்டிக் விளக்கினார். என்சைம் என்ற சொல்லே அப்போதுதான் புதிதாகப் பிறந்திருந்தது. அவரிடம் புரதத்தைப் பிரித்தெடுக்கும் கருவி எதுவும் இல்லை. ஓட்டையின் வடிவத்தையும் சாயத்தின் நிறத்தையும் வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று சொன்னார்.

மியூனிக் வருடங்கள்

அதே 1878-இல் அவர் மியூனிக் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். கடைசி வரை அங்கேதான். இரண்டு வருஷம் கழித்து, 1880 மார்ச்சில் தியோடர் ஹார்டிக் இறந்தார். மகனுடைய இரண்டு பெரிய புத்தகங்களும் அப்பா உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டன என்பதைக் கவனிங்க. 45 வருஷமாகத் தன் பெயரில் நின்ற ஒரு கொள்கையைத் தன் மகனே அச்சில் மறுப்பதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். நம்ம வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அப்பா சொன்னதை மறுத்துப் பேசுறதே எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். அப்பா கிளறிய நிலத்தையே மகன் இன்னும் ஆழமாகக் கிளறினார் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அந்த இழைகளை முதலில் பார்த்து எழுதி வைத்தது தியோடர்தானே.

1882-இல் மர நோய்கள் பற்றிய பாடநூல் வந்தது. 1885-இல் வீட்டு மரங்களை அழிக்கும் பூஞ்சை பற்றித் தனியாக ஒரு நூல். உத்தரம், தரைப் பலகை எல்லாவற்றையும் பழுப்பாக்கிப் பொடியாக்கும் பூஞ்சை அது. ஐரோப்பாவில் பழைய வீடு வாங்குகிறவர்கள் இன்றும் அதற்குப் பயப்படுகிறார்கள்.

அந்தப் பாடநூல் 1894-இல் ஆங்கிலத்தில் வந்தது. அதைச் சரிபார்த்துப் பதிப்பித்தவர் மார்ஷல் வார்டு. இந்தப் பெயருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1880-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் பரவியபோது, அதை ஆராய அனுப்பப்பட்டவர் இதே வார்டுதான். துரு நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை, அது காற்றில் பரவுகிறது என்று அவர் காட்டினார். ஆனாலும் காப்பியைக் காப்பாற்ற முடியவில்லை, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. அந்தக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன நம் மக்கள். பூஞ்சை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி, வெறும் மைக்ரோஸ்கோப் சண்டை மட்டும் இல்லை. அதற்குள் பலருடைய சோறு இருந்தது.

ராபர்ட் ஹார்டிக் 1901 அக்டோபர் 9-ஆம் தேதி மியூனிக்கில் இறந்தார். வயது 62.

அவர் பார்க்காத என்சைம்

ஹார்டிக் ஊகித்த அந்தப் பொருள் என்ன? முதல் துப்பு அவர் உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து. 1883-இல் ஜப்பானின் யோஷிதா, அரக்கு மரத்தின் பால் ஏன் காற்றுப் பட்டதும் கறுத்துக் கெட்டியாகிறது என்று ஆராய்ந்தார். அதில் வேலை செய்யும் ஒரு பொருளைக் கண்டார். 1894-இல் பிரான்சின் பெர்ட்ரான் அதற்கு லாக்கேஸ் என்று பெயர் வைத்தார். கொஞ்ச காலத்திலேயே அது பூஞ்சைகளிலும் இருப்பது தெரிந்தது.

ஆனால் லிக்னினை நேரடியாக உடைக்கும் முக்கியமான என்சைம் கிடைக்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெள்ளை மக்கல் பூஞ்சையில், அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. அதில் ஒரு குழு டீன், கிர்க் என்ற இருவருடையது. அதன் பெயர் லிக்னின் பெராக்சிடேஸ். ஹார்டிக் புத்தகத்துக்கும் இதற்கும் நடுவில் 105 வருஷம்.

ஏன் இவ்வளவு தாமதம்? லிக்னின் அவ்வளவு பிடிவாதமான பொருள். செல்லுலோஸ் ஒரு மணி மாலை மாதிரி. எல்லாம் குளுக்கோஸ் மணி, எல்லாம் ஒரே முடிச்சு. அந்த முடிச்சுக்கு ஏற்ற கத்திரி ஒன்று இருந்தால் போதும். லிக்னினில் அந்த ஒழுங்கு கிடையாது. மூன்று வகை மணிகள், பல வகை முடிச்சுகள், எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கும். பூட்டுக்குச் சாவி மாதிரி என்சைம் பொருந்தும் என்று படிப்போமே, இங்கே அந்தப் பூட்டு இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, என்சைம் பெரிய மூலக்கூறு. கெட்டியான மரச் சுவருக்குள் அது நுழையவும் முடியாது.

பூஞ்சை கண்ட வழி ரொம்பச் சாமர்த்தியமானது. முடிச்சை அவிழ்ப்பதை விட்டுவிட்டு, லிக்னினிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு நிலையில்லாமல் தத்தளித்துத் தானே உடைகிறது. லிக்னின் பெராக்சிடேஸ் இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடையும், நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீம் இரும்பையும் பயன்படுத்துகிறது. மாங்கனீஸ் பெராக்சிடேஸ் இன்னும் ஒரு படி மேலே. அது மாங்கனீஸ் அயனியை எலக்ட்ரான் பிடுங்குகிற நிலைக்கு மாற்றி அனுப்பிவிடும். என்சைம் நுழைய முடியாத இடத்தில் அந்தச் சின்ன அயனி நுழைந்து வேலையை முடிக்கும். லாக்கேஸ் நான்கு செப்பு அணுக்களை வைத்துக்கொண்டு, பிடுங்கிய எலக்ட்ரானைக் காற்றின் ஆக்சிஜனிடம் கொடுத்து, அதைத் தண்ணீராக்கிவிடும்.

இதே லாக்கேஸைத்தான் இன்றைக்கு ஜீன்ஸ் துணியில் சாயத்தை வெளிறச் செய்யவும் ஆலைகளில் பயன்படுத்துகிறார்கள். காகிதக் கூழை வெளுப்பது, சாயக் கழிவு நீரை நிறம் நீக்குவது, மரக் கழிவிலிருந்து எரிபொருள் எடுப்பது எல்லாவற்றுக்கும் இந்தக் கூட்டத்தின் பின்னால் ஆராய்ச்சிகள் ஓடுகின்றன. பைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கதை அவரோடு முடியவில்லை

ஹார்டிக் சொன்னது எல்லாம் அப்படியே நிலைத்துவிடவும் இல்லை. காயம், பூஞ்சை, மக்கல் என்று அவர் நேர்கோடு போட்டார். மரத்தை அவர் பெரும்பாலும் அடி வாங்குகிற பக்கமாகவே பார்த்தார். 1970-களில் அமெரிக்காவின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் பிளந்து பார்த்து, மரம் சும்மா இருப்பதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி மக்கலை அடைத்து வைக்கிறது என்று காட்டினார். கவனிங்க, அவரும் செய்தது அதேதான். மரத்தை நீளவாக்கில் பிளந்து, வழி எங்கே என்று பார்த்தார்.

தியோடர் இழையைப் பார்த்தார், வந்த வழியைப் பார்க்கவில்லை. ராபர்ட் வழியைப் பார்த்தார், என்சைமைப் பிடிக்கக் கருவி இல்லை. அதைப் பிடிக்க இன்னொரு நூறு வருஷம் ஆனது. லேபில் கிடைக்கிற ஒரு ஸ்லைடை வைத்துக்கொண்டு முடிவு எழுதப் போகும்போது, இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. ஸ்லைடில் தெரிவது உண்மைதான். ஆனால் அந்தச் சீவல் எந்த மரத்தில், எந்த இடத்தில் வெட்டியது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த தடவை காளான் முளைத்த கட்டை ஒன்றைப் பார்த்தால் குனிந்து நிறத்தைப் பாருங்க. வெளுத்து நாராக இருந்தால் லிக்னின் போய்விட்டது. பழுப்பாகக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் செல்லுலோஸ் போய்விட்டது. இதைச் சொல்ல உங்களுக்கு மைக்ரோஸ்கோப்கூட வேண்டாம். அதற்கான வேலையை ஹார்டிக் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.